மணிக்கு மூன்று மீட்டர்

"சார், நீங்க பதினோரு மாசமா பயணத்துல இருக்கீங்க," என்றார் வேகத் துறை அதிகாரியம்மா.

பிரேக்காரர் ஒரு வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். வெளியே தெரிந்தவை அவருடைய இரண்டு கால்கள்தான். அதிகாரியம்மா அந்தக் கால்களைப் பார்த்து மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"நான் என் பட்டறையில இருக்கேன் மேடம்."

"அது உங்க அபிப்பிராயம். எங்க பதிவுப்படி நீங்க வழியில இருக்கீங்க. போன வருஷம் கீழ்ப் பாலத்து கேமராவைத் தாண்டி உள்ள வந்தீங்க. மேல் கணவாய் கேமராவுல இன்னும் வெளிய வரல. அப்போ நடுவுலதானே இருக்கணும்?"

உள்ளே ஒரு ஸ்பேனர் விழும் சத்தம் கேட்டது. மனிதர் சக்கரப் பலகையோடு உருண்டு வெளியே வந்தார். நாற்பது வயது, மீசையில் கிரீஸ், யாராவது வம்புக்கு வரமாட்டார்களா என்று காத்திருக்கும் முகம். பிரேக்காரர் என்று அவருக்குப் பெயர் வைத்தவனுக்கு நல்ல குசும்பு. சுற்றுவட்டாரத்து வண்டிகளுக்கெல்லாம் பிரேக் பார்த்துக் கொடுப்பவர் அவர்தான். தன் வண்டியில் அப்படி ஒரு பெடல் இருப்பதையே மறந்தவரும் அவர்தான். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அந்த ரகம்.

இந்தப் பாதையைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை நகராது, சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஏரி, நடுவில் இருபத்து நாலு கிலோமீட்டர் நெளிந்து நெளிந்து ஏறுகிற தார்ச்சாலை. அழகென்றால் அப்படியோர் அழகு. அழகைப் பார்க்க வந்தவர்கள் ஏரியைப் பார்த்தார்கள். ஓட்டிப் பார்க்க வந்தவர்கள் வளைவை மட்டும் பார்த்தார்கள். இரண்டாவது கூட்டம்தான் பெரிது. அதில் சிலர் ஏரியையும் ரொம்பப் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு, கயிறு கட்டித் தூக்கப்பட்டார்கள். அதற்கப்புறம்தான் துறைக்கு விழிப்பு வந்தது.

ஒற்றைக் கேமரா வைத்தால் நம் ஆட்கள் அதன் முன்னால் பூனை மாதிரிப் போய்விட்டு, தாண்டியதும் பறப்பார்கள். அதனால் இரண்டு வைத்தார்கள். கீழே பாலத்தில் ஒன்று, மேலே கணவாயில் ஒன்று. நீ எத்தனை மணிக்கு நுழைந்தாய், எத்தனை மணிக்கு வெளியேறினாய் என்று பார்த்து, சராசரி போடும். சராசரி நாற்பதைத் தாண்டக் கூடாது. அதாவது முப்பத்தாறு நிமிடத்துக்கு முன்னால் மேலே போய்ச் சேர்ந்தால் வீட்டுக்கு நோட்டீஸ் வரும். ஏறுகிற வண்டிக்கு மட்டும்தான் இந்தக் கெடுபிடி. இறங்குகிற பக்கத்துக்கு அடுத்த வருஷம் வைப்போம் என்றார்கள். அந்த அடுத்த வருஷம் எப்போதும் அடுத்த வருஷம்தான்.

இரண்டு கேமராவுக்கும் நடுவில், பதினோராவது கிலோமீட்டரில், இருந்தது ஒரே ஒரு கட்டடம். அதுதான் பிரேக்காரரின் பட்டறையும் வீடும். கேமரா வந்த மறுவாரமே அங்கே கூட்டம் சேர ஆரம்பித்தது. முதலில் வந்தவர் ஒரு பல் டாக்டர், சிவப்பு வண்டிக்காரர். அவர் கீழிருந்து எட்டு நிமிடத்தில் பட்டறைக்கு வந்துவிடுவார். மிச்சப் பதின்மூன்று கிலோமீட்டரை ஒன்பது நிமிடத்தில் முடிப்பதாகத் திட்டம். ஆக, நடுவில் பத்தொன்பது நிமிடத்தை எங்கேயாவது கொன்றாக வேண்டும். பட்டறை பெஞ்சில் உட்கார்ந்து கொன்றார். அவரைப் பார்த்து இன்னும் முப்பது பேர் கற்றுக்கொண்டார்கள். அப்புறம் ஒருவனுக்கு மூளை கூடுதலாக வேலை செய்தது. வண்டியை முதல் நாளே கொண்டுவந்து பட்டறை முற்றத்தில் விட்டுவிட்டால், மறுநாள் எந்த வேகத்தில் போனாலும் சராசரி நடைவேகம்தானே காட்டும்? அதிலிருந்து, "அண்ணே, வண்டி இன்னைக்கு இங்க ஊறட்டும்," என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். முற்றம் முழுக்க விலையுயர்ந்த வண்டிகள் ஊறிக்கொண்டிருந்தன.

இத்தனை பேரும் பத்தொன்பது பத்தொன்பது நிமிடமாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட கதை ஒன்றுதான்: பிரேக்காரரின் மனைவி ஏன் வீட்டில் இல்லை?

அவள் கணவாய் உச்சியில், கேமராவைத் தாண்டியதும் முதல் வீடான தன் அக்கா வீட்டில் இருந்தாள். நடந்தது இதுதான். அக்கா மகளின் பிறந்தநாளுக்கு ஒரு கண்ணாடித் தொட்டியில் இரண்டு தங்கமீன் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். பிரேக்காரர் பதின்மூன்று கிலோமீட்டரை ஒன்பது நிமிடத்தில் ஏறினார். பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் அந்தப் பாதையில் அவள் கண்ணைத் திறந்ததே கிடையாது; அன்றைக்கும் இறுக்கி மூடிக்கொண்டாள். போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் முழுக்க அவள் மேல் இருந்தது. ஒரு மீன் கைப்பைக்குள்ளிருந்தும், இன்னொன்று கியர் கம்பிக்கு அடியிலிருந்தும் எடுக்கப்பட்டது. இரண்டும் பிழைக்கவில்லை. குழந்தை அழுத அழுகையில் கேக்கை யாரும் தொடவில்லை.

"இனிமே இந்த வண்டியில நான் ஏற மாட்டேன்," என்றாள் அவள். "மெதுவா வரக் கத்துக்கிட்டு வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க. வேகமா வந்தீங்க, வாசல்லயே திருப்பி அனுப்பிடுவேன்."

ஒரு வாரம் பொறுத்தார். வீடு கடித்துத் தின்றது. எட்டாம் நாள் கீழே சந்தைக்குப் போய் ஒரு தொட்டியும் ஒரு மீனும் வாங்கிக்கொண்டு அவளை அழைத்துவரக் கிளம்பினார். கேமரா வேலை செய்ய ஆரம்பித்த முதல் நாள் அது. பாலத்தைத் தாண்டியதும் முப்பதில் போனார். வாழ்க்கையில் முதல் தடவையாக. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சிரித்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஒன்பதாவது கிலோமீட்டரில் ரொட்டி வண்டி அவரை முந்திக்கொண்டு போனது பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. பன்னும் ரொட்டியும் அடுக்கிய ஓட்டை வண்டி! பட்டறை வந்ததும் வண்டியை உள்ளே திருப்பிவிட்டார். 'நான் என்ன ஊர்வலமா போறேன்? வேணும்னா அவளே வரட்டும்.'

அவளும் வரவில்லை. முதலையும் மூர்க்கனும் கொண்டது விடா என்பார்கள்; இங்கே இரண்டு பக்கமும் மூர்க்கர்கள். மீன் மட்டும் பெஞ்சுக்குப் பக்கத்தில் தொட்டியில் வளர்ந்துகொண்டிருந்தது.

இப்போது அதிகாரியம்மா அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து கோப்பைப் பிரித்தார்.

"நான் எத்தனையோ தடவை சந்தைக்குப் போய்ட்டு வந்திருக்கேன் மேடம். வாரா வாரம் பாலத்தைத் தாண்டித்தான் வர்றேன்."

"வந்திருப்பீங்க. ஆனா முதல் பயணம் முடியாம ரெண்டாவது பயணம் எப்படித் தொடங்கும்? மெஷின் அதை எல்லாம் எடுத்துக்கல." அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "இன்னைய தேதிக்கு உங்க சராசரி மணிக்கு மூணு மீட்டர். கிலோமீட்டர் இல்ல சார், மீட்டர். உங்க ஒருத்தரால இந்த ரோட்டோட மொத்தச் சராசரியே படுத்துடுச்சு. இவ்வளவு மெதுவாப் போற ரோட்டுக்குக் கேமரா எதுக்குன்னு மேலிடத்துல கேக்கறாங்க. இன்னைக்கு மாசக் கடைசி. சாயந்தரத்துக்குள்ள நீங்க மேல போய் வெளியேறணும்."

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று பழமொழி. அன்றைக்கு அந்த வீட்டில் ஆமையும் வீட்டுக்காரர்தான், அமீனாவும் வந்தாயிற்று.

"போகலைன்னா?"

"போகலைன்னா நீங்க வழியில காணாமப் போனதா அறிவிப்போம். தேடுறதுக்கு ஏரியில ஆள் இறக்குவோம்."

"நான்தான் இங்க நிக்கறேனே!"

"அதையும் அறிக்கையில குறிப்பிடுவோம் சார்."

பிரேக்காரருக்குச் சிரிக்கக்கூட வரவில்லை. அன்று காலை ரொட்டி வண்டிக்காரர் வழக்கம்போல் இரண்டு பன்னை வைத்துவிட்டுப் போகாமல் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு செய்தி சொல்லியிருந்தார்.

"தம்பி, உன் வீட்டுக்காரம்மா பொட்டி கட்டிட்டாங்க. தூரத்து ஊர்ல பெரிய மருந்துக்கடையில வேலையாம். இன்னைக்கு நாலு மணிக்கு டாக்ஸி சொல்லியிருக்கு. அந்தப் பக்கமா ரயிலுக்குப் போறாங்க."

"போகட்டும்ணே. யாரு வேணாம்னா?"

"வாய் போகட்டும்ங்குது. மூஞ்சி அப்படிச் சொல்லலையே. பதினோரு மாசமா அந்தப் பொண்ணு என்கிட்ட ஒரே கேள்விதான் கேக்குது. 'இன்னும் வேகமாத்தான் ஓட்டறாரா?'ன்னு. இன்னைக்குத்தான் கேக்கல." ரொட்டிக்காரர் வண்டியில் ஏறப்போனவர் திரும்பினார். "அன்னைக்கு நான் உன்னை முந்தியிருக்கக் கூடாது தம்பி. அவசரத்துல போயிட்டேன். அது எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு."

அதைக் கேட்டதிலிருந்து பிரேக்காரர் அந்த வேனுக்கு அடியில் போய்ப் படுத்தவர்தான். ஒன்றும் கழற்றவில்லை, ஒன்றும் மாட்டவில்லை. அவள் போய்விட்டால் அதோடு சரி, இனி இந்த வீடு வெறும் பட்டறைதான் என்று மட்டும் திரும்பத் திரும்பத் தோன்றியது. அழுகையும் வந்தது. வேனுக்கு அடியில் அழுதால் யாருக்குத் தெரியும்?

இப்போது மணி மூன்றேகால். அவர் எழுந்து மீசையைத் துடைத்தார். "சரி மேடம். போறேன்."

"ஒரு நிமிஷம் சார். படிவம்." அதிகாரியம்மா பேனாவைத் திறந்தார். அந்த ஒரு நிமிஷம் இருபது நிமிஷமாயிற்று. வண்டி நிறம், எஞ்சின் எண், ஏறிய நோக்கம் எல்லாம் எழுதினார். "இடையில நின்ன நேரம்?"

"பதினோரு மாசம்."

"காரணம்? பழுதா, பனிமூட்டமா, உடம்பு சரியில்லையா, மற்றவையா?"

பிரேக்காரர் மீனைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பெஞ்சில் நேரத்தைக் கொன்றுகொண்டிருந்த பல் டாக்டர் காதைத் தீட்டிக்கொண்டார்.

"மற்றவை."

"மற்றவைன்னா என்னன்னு எழுதணும் சார்."

"வீம்பு," என்றார் பிரேக்காரர்.

அதிகாரியம்மா தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டார். கையெழுத்து வாங்கினார். தான் முன்னால் போய் மேலே காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுத் தன் சின்ன வண்டியில் கிளம்பினார்.

மூன்றே முக்காலுக்குப் பத்து நிமிடம் இருந்தது. பிரேக்காரர் தொட்டியைத் தூக்கிப் பக்கத்து இருக்கையில் வைத்து, பழைய டயர் டியூபால் சுற்றிக் கட்டினார். விளிம்பு வரைக்கும் தண்ணீர்.

"அண்ணே, பாதித் தண்ணியக் கொட்டிடுங்க," என்றார் பல் டாக்டர்.

"பாதித் தண்ணியோட போய் நின்னா, மீதி எங்கேன்னு கேப்பா."

"அப்போ எப்படி நேரத்துக்குப் போவீங்க?" டாக்டருக்குப் பரபரப்புத் தாங்கவில்லை. "அண்ணே, உங்களுக்குப் புரியுதா இல்லையா? இந்த உலகத்துலயே நல்லா ஊறின வண்டி உங்களோடதுதான். பதினோரு மாசம்! நீங்க ராக்கெட்ல போனாலும் மெஷின் மூணு மீட்டர்னுதான் சொல்லும். ஒம்பது நிமிஷம்! மீனை விடுங்க, வீட்டம்மாவைப் பிடிங்க!"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. பிரேக்காரர் வண்டியைக் கிளப்பினார். நாற்பதில் போனால் நாலு அடிப்பதற்குள் போய்விடலாம் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டே முதல் வளைவில் நாற்பதில் திரும்பினார். தண்ணீர் சளக்கென்று எழும்பி இருக்கையை நனைத்தது. மீன் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அவருக்குப் பகீர் என்றது. முப்பதுக்கு இறங்கினார். அடுத்த வளைவிலும் ததும்பியது. இருபதுக்கு வந்தபோதுதான் தண்ணீர் அடங்கியது.

இருபதில் போனால் நாலேகால் ஆகும். நாலு மணிக்கு டாக்ஸி.

இப்போது ஒரு ஆள் என்ன செய்வான், சொல்லுங்கள். வேகமாகப் போனால் அவள் இருப்பாள், ஆனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவாள். மெதுவாகப் போனால் திருப்பி அனுப்ப அவள் இருக்கமாட்டாள். வலது கால் பெடலின் மேல் துடித்தது. சட்டம் தடுக்கவில்லை, கேமரா தடுக்கவில்லை, ஒரு கையளவு மீன் தடுத்தது. 'அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதையாவது செய்வோம். போயிட்டான்னா போயிட்டா,' என்று சொல்லிக்கொண்டார். சொன்ன வேகத்தில் கண் கலங்கி, வளைவு மங்கலாகத் தெரிந்தது. பதறாத காரியம் சிதறாது என்று அவள் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். அப்போதெல்லாம் அவர் ரேடியோவைச் சத்தமாக வைப்பார்.

பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தார். ரொட்டி வண்டி! மத்தியான நடைக்கு மேலே போகிறவர். பிரேக்காரர் ஓரம் ஒதுங்கி, போங்கண்ணே என்று கையைக் காட்டினார். ரொட்டிக்காரர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, மாட்டேன் என்று ஆட்டினார்.

"இந்தத் தடவை முந்த மாட்டேன் தம்பி! நீ போ!"

முந்தாதது மட்டுமில்லை, பாதையின் நடுவில் வண்டியை வைத்துக்கொண்டு வேறு யாரையும் முந்த விடவுமில்லை. அவருக்குப் பின்னால் பல் டாக்டர். அவருக்குப் பின்னால், இரண்டு நாளாக ஊறப்போட்டு இன்றைக்கென்று எடுத்த வண்டிகள். எல்லாம் இருபதில். ஒருவன் ஹாரனை அழுத்தினான், அடுத்தவனும் அழுத்தினான், வளைவுக்கு ஐந்து வண்டியாகக் கூட்டம் சேர்ந்துகொண்டே வந்தது. மலையே அலறியது. பிரேக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார், மறுபடி தண்ணீரைப் பார்த்தார்.

நாலு மணி நாலாவது வளைவில் அடித்தது. அவர் அப்புறமும் இருபதிலேயே போனார்.

அங்கே மேலே, அக்கா வீட்டு வாசலில், டாக்ஸிக்காரர் பெட்டியை ஏற்றிவிட்டார். ஒரு காலை உள்ளே வைத்தவள் ஹாரன் சத்தம் கேட்டுத் திரும்பினாள். அந்த வாசலில் நின்றால் கடைசி ஏழு வளைவும் கைரேகை மாதிரித் தெரியும். முதலில் தெரிந்தது நாற்பது, ஐம்பது வண்டிகளின் வால். அப்புறம் ரொட்டி வண்டி. அதற்கு முன்னால், எல்லோருடைய சாபத்தையும் வாங்கிக்கொண்டு, எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு பச்சை வண்டி. அந்தப் பச்சையை அவளுக்குத் தெரியாதா?

"அக்கா, இங்க வந்து பாரேன்," என்றாள். அக்கா வந்தாள், அக்கா மகள் வந்தாள். டாக்ஸிக்காரரும் எஞ்சினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்.

"யாரும்மா அது? வண்டி ஓட்டத் தெரியாத ஆளா?"

"இல்லீங்க. எங்க வீட்டுக்காரர்," என்றாள் அவள். ஏழு வளைவும் முடிகிற வரைக்கும் வைத்த காலை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம் காலை வெளியே எடுத்து, பெட்டியை இறக்கச் சொன்னாள்.

நாலு பதினாறுக்குப் பச்சை வண்டி கணவாய் கேமராவைத் தாண்டியது. கம்பத்தடியில் காத்திருந்த அதிகாரியம்மா கையைக் காட்டி நிறுத்தினார். அவர் கையிலிருந்த சின்ன மெஷின், படிவத்தில் எழுதியதையும் சேர்த்து, கிர்ரென்று ஒரு சீட்டைத் துப்பியது. பின்னால் வந்தவர்கள், இவ்வளவு கஷ்டப்பட்டு ஊறப்போட்ட வண்டிகளை வைத்துக்கொண்டு, யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். பல் டாக்டர் மட்டும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

பிரேக்காரர் தொட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாசலுக்கு நடந்தார். சீட்டை வாயில் கவ்வியிருந்தார். டாக்ஸி அங்கே இல்லை. பெட்டி இருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் அவள் இருந்தாள். அவளையே பார்த்துக்கொண்டு நடந்ததில்தான் கொஞ்சம் தண்ணீர் சிந்தியது.

தொட்டியைக் குழந்தை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். மனைவி அவர் வாயிலிருந்த சீட்டை உருவிப் படித்தாள்.

"கடந்த தூரம் இருபத்து நாலு கிலோமீட்டர். சராசரி வேகம் மணிக்கு மூணு மீட்டர். இடையில நின்ன நேரம் பதினோரு மாசம். காரணம்..."

அங்கே நிறுத்திவிட்டாள். சீட்டைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனாள்.

"இது யாரு சொல்லி எழுதினது?"

"நான்தான்."

"உங்க வாயால?"

"என் வாயாலதான். ரெண்டு பேர் முன்னாடி."

அவள் சீட்டை நாலாக மடித்துக் கைப்பைக்குள், முன்பு மீன் கிடந்த அறையில் வைத்துக்கொண்டாள்.

"மெதுவா வாங்கன்னு சொன்னது நான்தான். அதுக்காக மணிக்கு மூணு மீட்டரா? நத்தைகூடக் கோவிச்சுக்கும்."

"வழியில கொஞ்சம் நேரமாயிடுச்சு."

"வீம்புல எனக்கும் பாதி எழுதியிருக்கணும்," என்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, மூக்கைச் சிந்திக்கொண்டாள். "பெட்டியை எடுங்க."

இறங்கும்போது கேமரா கிடையாது. தொட்டியும் கிடையாது. ஹாரன் அடிக்கப் பின்னால் ஒரு ஆள் கிடையாது. பிரேக்காரர் முப்பதைத் தாண்டவில்லை. அவள் வழக்கம்போல் முதல் வளைவிலேயே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். இரண்டாவது வளைவு வந்தது தெரியவில்லை. மூன்றாவதில் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். நாலாவதில் இரண்டையும் திறந்தாள்.

"என்னங்க, இங்கருந்து பாத்தா ஏரி தெரியுமா?"

"பன்னெண்டு வருஷமா தெரியுது."

"இவ்வளவு பெரிசாவா?" அவள் கண்ணாடியை இறக்கினாள். "கொஞ்சம் நிறுத்துங்களேன். பாத்துட்டுப் போலாம்."

பிரேக்காரர் பிரேக்கை மிதித்தார். வண்டி ஓரமாக நின்றது.

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.

"பதினோரு மாசமெல்லாம் வேண்டாம்," என்றாள் அவள். "அஞ்சு நிமிஷம் போதும்."